பதினோராம் பயிற்சி

ஜனவரி 29, வியாழன்

செண்பகவல்லியை இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்தார்கள். நான் தெருமுக்கு வரை போய்விட்டுத் திரும்பினேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். மதியம் சாப்பிடவில்லை.

நடந்ததை எழுதிவிடுகிறேன். நேற்று மாலை ஆறரை மணி. திருச்செந்தூருக்கு நடந்து போகிற தைப்பூச பக்தர்களுக்காக நான் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி மையத்துப் பெண்கள் பதினான்கு பேரும் நானும் சேர்ந்து சாலையோரம் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தோம். பந்தல் முகப்பில் நாங்கள் செய்த எல்.இ.டி. பலகை. எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு விளக்கு, அறுபத்து நான்கு விளக்கில் ஒரு வேல். இரும்புச் சட்டத்தில் பொருத்தி, மூங்கிலில் கயிறு கட்டித் தலை உயரத்துக்குத் தொங்கவிட்டிருந்தோம். மைக்செட் மந்திரமூர்த்தி கரண்டு லைன் கொடுத்தார். வேல் சிவப்பாக எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நுனியில் ஒரு விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிகிறது என்று செண்பகம் எட்டிச் சட்டத்தைப் பிடித்தாள். காலில் செருப்பில்லை. பக்தர்கள் கால் கழுவிய தண்ணீர் தரையெல்லாம் கிடந்தது.

மந்திரமூர்த்திதான் ஓடிவந்து விறகுக் கட்டையால் ஒயரைத் தட்டிவிட்டார். நான் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் பிளக் போடாமல் ஒயரின் இரண்டு முனைகளையும் உரித்து ஓட்டையில் விட்டு, விழாமல் இருக்கத் தீக்குச்சி சொருகியிருந்தார். இந்த ஊரில் எல்லா விசேஷத்துக்கும் அப்படித்தான் லைன் எடுப்பது. தீப்பெட்டி ஊரில் குச்சிக்கு என்ன பஞ்சம். ஆனால் எது கரண்டு வருகிற பேஸ், எது திரும்பிப் போகிற நியூட்ரல் என்று பார்த்துப் போட வேண்டாமா? முப்பது வருடம் ஒயர் பிடித்தவருக்கு இது தெரியாதா?

இந்த டைரியில் ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள். 27, 28 உள்ள பக்கம் காலியாகக் கிடக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

ஜனவரி 30, வெள்ளி

மந்திரமூர்த்தியைப் பந்தலிலேயே அடித்திருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை, என் வகுப்பில் படிக்கிற உச்சிமாகாளி போனில் சொன்னாள். ஸ்டேஷனில் தினமும் காலையில் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறார்களாம். கோட்டாட்சியர் விசாரணை முடிந்ததும் கேஸ் எழுதி உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பேச்சு.

மையம் பூட்டியிருக்கிறது. கேஸ் சிலிண்டர் வந்தது. அரிசி களைந்து போட்டேன்.

ஜனவரி 31, சனி

கரண்டு கசிகிறதா என்று கிரைண்டரில் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. ஃப்ரிட்ஜிலும் எரியவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

வேதக்கோவிலில் பாஸ்டர் செண்பகத்தின் குடும்பத்துக்காக ஜெபம் செய்தார். எனக்காகவும் செய்தார், மனம் தேற வேண்டும் என்று. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். இன்று பூசம்.

பிப்ரவரி 2, திங்கள்

செயலாளர் வெங்கிடுசாமி சார் கூப்பிட்டு அனுப்பினார். மையத்தை நடத்துகிற டிரஸ்டுக்கு எல்லாமே அவர்தான். காபி வரவழைத்துக் கொடுத்தார். அவர் காபி கொடுத்தால் வேலை இருக்கிறது என்று பொருள்.

"ஹெப்சி டீச்சர், உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. மையத்துக்கும் ஒண்ணும் ஆவக் கூடாது. பதிமூணாம் தேதி விசாரண. நம்ம பாடத்துல டிரான்ஸ்பார்மர் இல்லாத சர்க்யூட்டே கெடையாதுன்னு காட்டணும், அம்புட்டுதான்."

"பதினோராம் பயிற்சி அதுதான சார்."

"புதுசா ஒண்ணு போடுங்க. ஒண்ணுந் தெரியாத பொம்பளைக மொத மொதச் செய்யுத மாதிரி, லேசா, ஆபத்தில்லாம. எல்லார் ரெக்கார்டு நோட்டுலயும் ஏறட்டும். தேதி ஜனவரி இருவதுன்னு போட்டுக் கையெழுத்த வைங்க. மைக்செட்டுக்காரன் வேற எதயோ கோத்துவிட்டுட்டான்னு போயிரும்."

முன்தேதி போடுவது எனக்குப் புதிதில்லை. நான் படித்த காலத்திலிருந்து ரெக்கார்டு நோட்டு என்றாலே கடைசி வாரத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதுதான். தேதியை வாய்க்கு வந்தபடி வாத்தியார் சொல்வார், எல்லோரும் போட்டுக்கொள்வோம். ஆய்வுக்கு வருகிறவர்களும் அப்படி எழுதித் தேறியவர்கள்தான். ஆகவே பதினோராம் பயிற்சியை இன்னும் யாரும் எழுதவில்லை. இருபது வருடமாக இந்தக் கைதான் இப்படிக் கையெழுத்துப் போட்டு வருகிறது.

செண்பகம் ஒருத்திதான் அன்றன்றைக்கு எழுதுவாள். அவளைத் திட்டியிருக்கிறேன். "எல்லா நோட்டுலயும் ஒரே தேதி இருக்கணும்ட்டி, நீ மட்டும் என்ன தனி ஆவர்த்தனம்?" என்றதற்கு, "மறந்துபோயிரும்லா டீச்சர்" என்றாள்.

"செண்பகம் நோட்டு எங்க?" என்று செயலாளர் கேட்டார். அலமாரியில் இருக்கும் என்றேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அலமாரியில் இல்லை.

குடிதண்ணீர் விட்டார்கள். பதினோரு குடம் பிடித்தேன்.

பிப்ரவரி 4, புதன்

புதுச் சர்க்யூட்டை ஆரம்பித்தேன். பூட்டிய மையத்தில் நான் மட்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

செல்போன் சார்ஜர்தான் இதற்குச் சரி, அதற்குள்ளேயே டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. ஐந்து வோல்ட்டு, நாக்கில் வைத்தாலும் ஒன்றும் செய்யாது. எட்டு நெடுக்கு ஒயர், எட்டுக் குறுக்கு ஒயர், சந்திக்கிற இடத்தில் எல்லாம் ஒரு விளக்கு. நெடுக்கில் ஒவ்வொன்றுக்கும் 330 ஓம் ரெசிஸ்டர். குறுக்கு வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரான்சிஸ்டர், ஏனென்றால் எட்டு விளக்கின் கரண்டும் ஒரு வரிசை வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். நடுவில் ஒரு சிப். படம் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. எவ்வளவு சுலபம். ஒரு பகலுக்குள் முடிந்த வேலை.

அறுபத்து நான்கு விளக்கும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. முதல் வரிசை எரிந்து அணையும், அடுத்தது எரிந்து அணையும், இப்படி நொடிக்கு நூறு சுற்று. கண் அதை நிலையான படமாக எடுத்துக்கொள்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். செண்பகம் மட்டும், "அப்போ ஒரு நேரத்துல ஒரு வருசைக்குத்தான டீச்சர் கரண்டு வேணும்?" என்று கேட்டாள். பன்னிரண்டு வருடம் தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்தில் குச்சி அடுக்கியவள். வரிசை என்றால் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொஞ்சம் கரண்டு போதும் என்பதால்தான் பழைய பலகையில், மெயின் கரண்டைத் தனியாகப் பிரித்து இறக்கித் தருகிற டிரான்ஸ்பார்மரை நான் விட்டுவிட்டேன். மதுரையிலிருந்து அது வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள், பூசத்துக்குள் பலகை ஏற வேண்டும். மலிவு பல்புக்குள் இருக்கிற மாதிரி ஒரு கெப்பாசிட்டரை வைத்தே 230-ஐ இறக்கினேன். பலகை பிஸ்கட் பாக்கெட் கனத்தில் வந்தது. ஆய்வுக்கு வருகிறவர்கள் யார் செய்தது என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்கட்டும் என்றுதான் செய்தேன்.

அந்த வகைச் சர்க்யூட்டில் ஒரே ஒரு சங்கதி. பொது ஒயர் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். அதில் நியூட்ரல் வர வேண்டும். வந்தால் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

புதுப் பலகையில் ஒரு கோளாறு. முதல் வரிசைக்கான விளக்கு இரண்டாவது வரிசையிலும் மங்கலாக எரிகிறது. ஆவி மாதிரி நிழலாடுகிறது. ஒரு வரிசையை முழுக்க அணைத்த பிறகுதான் அடுத்ததற்கான கணக்கை மாற்ற வேண்டும். அணைக்காமல் மாற்றினால் பழையது புதியதில் ஏறிவிடும். மதியத்துக்குள் சரி செய்துவிட்டேன்.

ஸ்டாக் அலமாரியைத் துடைத்தேன். இரண்டாவது தட்டைத் துடைக்கவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

வாக்குமூலம் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன்.

மந்திரமூர்த்தி வேப்பமரத்தடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கண் வீங்கி மூடியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார். அதற்கு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கண்ணாச்சி."

"நான் என்ன தப்பு செஞ்சேன்னு எனக்கு வெளங்கவே இல்ல டீச்சர். குண்டு பல்பு, டியூப்லைட்டு, ஆம்ப்ளிபயர், எத்தன ஆயிரம் கோத்துருப்பேன். எந்த ஒயர எந்த ஓட்டையில விட்டாலும் எரியும். கரண்டுக்கு ஏது டீச்சர் வலது எடது? இதுல மட்டும் மாத்திக் குடுத்தா ஆளு செத்துருமா? அப்படின்னா எங்கிட்ட யாராச்சும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

உள்ளே கேஸ் எழுதுகிற ரைட்டர் கூப்பிட்டார், போனேன்.

எழுதிக் கொடுத்தேன், ஒன்றரைப் பக்கம். நல்ல கையெழுத்து என்று ரைட்டர் பாராட்டினார். அதில் ஒரு வரி: லைன் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. யார் தெரிவித்தது, எப்போது என்று அவர் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

வெளியே வந்தபோது மந்திரமூர்த்தி, "வெயிலா இருக்கு டீச்சர், ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று நடந்தே வந்தேன்.

பிப்ரவரி 7, சனி

உளுந்து ஊறப் போட்டு மறந்துவிட்டேன். வாடை வந்துவிட்டது. கொட்டினேன்.

பிப்ரவரி 9, திங்கள்

மையம் திறந்தது. பதிமூன்று பேர் வந்தார்கள். செண்பகம் உட்காருகிற ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை, அதை எடுத்து ஓரமாக வைக்கவும் யாரும் துணியவில்லை.

புதுப் படத்தைக் கரும்பலகையில் போட்டேன். பார்த்து எழுதினார்கள். உச்சிமாகாளிதான் முதலில் கேட்டாள்.

"தேதி என்ன டீச்சர் போட?"

"ஜனவரி இருபது."

அவள் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். "இது நாம செஞ்சது இல்லையே டீச்சர். நாம செஞ்சதுல சார்ஜர் கெடையாதே."

"எழுதச் சொன்னா எழுதுட்டி."

கத்திவிட்டேன். எழுதினாள். வழக்கமாக இந்த வகுப்பில் பதினான்கு வாயும் மூடாது, சும்மா இருங்களேன் என்று மேசையைத் தட்டித் தட்டி என் கை வலிக்கும். இன்று பேனா உரசுகிற சத்தம்தான் கேட்டது.

பதிமூன்று கையெழுத்து. பதிமூன்று இடத்திலும் ஜனவரி 20.

பிப்ரவரி 10, செவ்வாய்

புதுப் பலகையில் வேல் எரிந்தது. நுனி விளக்கும் எரிந்தது. சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதேன்.

முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம். என்னிடம் ஒரு சார்ஜர் வீட்டு மேசையிலேயே கிடந்தது.

பிப்ரவரி 11, புதன்

செண்பகத்தின் வீட்டுக்காரர் ஐயாத்துரை என் வீட்டுக்கு வந்தார். கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு கிண்டுகிறவர். முன்கையெல்லாம் பழைய தீப்புண். வாசலிலேயே நின்றார், உள்ளே வாங்க என்று மூன்று தரம் சொன்ன பிறகுதான் வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பழுப்பு அட்டை. செண்பகத்தின் ரெக்கார்டு நோட்டு.

"நாளைக்குப் பதினாறாம் நாளு டீச்சர். அவ ஆசப்பட்டதெல்லாம் படத்து முன்னால வைக்கணும். இந்த நோட்டத்தான் தலமாட்டுல வச்சுப் படுப்பா. புரட்டிப் பாத்தேன், பத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு. கடைசிப் பாடத்துல மட்டும் இல்ல. கொறையா வைக்க மனசு வரல. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுப்பீகளா?"

"படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். அவ எழுத்தப் பாத்தா கண்ண மறைக்கு."

நாளைக்கு நானே கொண்டுவருகிறேன் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு அந்தப் பக்கத்தைப் படித்தேன்.

செயலாளர் இரண்டு தரம் போன் செய்தார். "நோட்டு கெடச்சுதா டீச்சர்? கெடச்சா நம்மகிட்ட வந்துரணும். அது ஒண்ணு வெளிய போனா நீங்க போட்ட பதிமூணும் பொய்யாப் போயிரும், நாபகம் இருக்கட்டும்."

இன்னும் கிடைக்கவில்லை என்றேன்.

நோட்டு ஊக்குப் போட்டுத் தைத்தது. ஒரு தாளை உருவினால் தெரியாது. அடுப்பு நாலு அடி தூரத்தில் இருக்கிறது. உருவவில்லை. ஆனால் ஊக்கை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். பாதி தூக்கியும் விட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் போனேன். ஒற்றை அறை வீடு. சுவரோரம் செண்பகத்தின் படம், மாலை, விளக்கு. முன்னால் இலையில் அவளுக்குப் பிடித்ததெல்லாம். முறுக்கு, ஒரு டப்பா பவுடர், பச்சை வளையல், புதுச் சேலை. நடுவில் ஒரு இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள், நோட்டுக்கு.

பேனாவைத் திறந்தேன். ஐயாத்துரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன எழுதிருக்கா டீச்சர்? நீங்க படிச்சுச் சொல்லுங்களேன், நான் கேக்குதேன்."

படித்தேன். எழுத்து மாறாமல் இங்கே இறக்கி வைக்கிறேன்.

"ஜனவரி 27, செவ்வாய். பயிற்சி 11. டிரான்ஸ்பார்மர் இல்லாத வேல் பலகை. இது டீச்சர் சொந்தமாகப் போட்ட சர்க்யூட். கவனித்தது: சட்டத்தில் டெஸ்டர் வைத்தால் எரிகிறது. டீச்சரிடம் சொன்னேன். பிளக்கைத் திருப்பிப் போடச் சொன்னார்கள். திருப்பிப் போட்டதும் டெஸ்டர் எரியவில்லை. எது சரியான பக்கம் என்று தெரிவதற்குப் பிளக்கில் நகப்பாலிஷ் வைத்தேன். சந்தேகம்: பலகை வெளியே போகும்போது பக்கம் மாறிவிட்டால்?"

சந்தேகம் என்கிற தலைப்பு நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளாகப் பத்துப் பயிற்சிக்கும் போட்டு வைத்திருந்தாள். கீழே நாலு கோடு விட்டிருப்பாள், நான் பதில் எழுத. முந்தைய பத்திலும் அந்தக் கோடுகளின் மேல் சரி என்று குறி போட்டு வந்திருக்கிறேன். ஒன்றில்கூடப் பதில் எழுதியதில்லை.

இதில் எழுதினேன். "மாறிவிட்டால் சட்டம் முழுக்க 230 வோல்ட்டு வரும். ஈரத்தில் நின்று தொட்டால் உயிர் போகும்." கீழே கையெழுத்து. தேதி பிப்ரவரி 12. எழுதியதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

அவர் படத்தின் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரியாத்தான கேட்ருக்கா டீச்சர்?"

"சரியாத்தான் கேட்டா."

"இந்தப் பதில் ரெண்டு வரிதான இருக்கு."

"ரெண்டு வரிதான்."

"அன்னிக்கே சொல்லிருந்தா வீட்டுக்கு வந்துருப்பாளே."

அவர் நோட்டை வாங்கி இலையின் நடுவில் வைத்தார். நான் எழுந்து, நாளை பதினோரு மணிக்கு விசாரணைக்கு இதை எடுத்துக்கொண்டு வாருங்கள், நானும் வருகிறேன் என்றேன். அவர் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார். சாப்பிட்டுப் போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 27, செவ்வாய் (எழுதியது பிப்ரவரி 13, வெள்ளி காலை)

வாழ்க்கையில் முன்தேதி போட்டு நான் எழுதுகிற முதல் உண்மை இது. பக்கம் போதாது, 28-க்கு உரிய இடத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

அன்று மாலை நாலரை மணிக்குப் பலகையை முதல் தடவை எரியவிட்டோம். வேல் எரிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் பாத்திரம் வாடகைக்கு எடுக்கப் போயிருந்தார்கள். செண்பகம் டெஸ்டரை எடுத்துச் சட்டத்தில் வைத்தாள்.

"டீச்சர், டெஸ்டர் எரியுது."

"பிளக்கத் திருப்பிப் போடு."

திருப்பினாள். எரியவில்லை. அவள் முகம் தெளியவில்லை. பைக்குள்ளிருந்து சிவப்பு நகப்பாலிஷை எடுத்துப் பிளக்கின் ஒரு பக்கத்தில் பொட்டு வைத்தாள். நான் சிரித்தேன். "பிளக்குக்கும் சீமந்தமாட்டி?" என்றேன். அவளும் சிரித்தாள்.

அது அபாயமான சர்க்யூட் என்று எனக்கு அப்போது தெரியும். சொல்லிக்கொடுக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? டெஸ்டர் எரிந்த அந்த நொடியே பலகையைக் கழற்றிப் போட்டிருக்க வேண்டும். அறுபத்து நான்கு விளக்கையும் அவள் தன் கையால் ஈயம் வைத்து ஒட்டியிருந்தாள், அதைப் பிரிக்க மனம் வரவில்லை என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். என் சர்க்யூட்டில் ஒருத்தி குற்றம் கண்டுபிடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று மாதம் முன்னால் வரை தீக்குச்சி அடுக்கியவள், இருபது வருடம் பாடம் நடத்தியவளின் வேலையில் டெஸ்டரை வைத்துக் காட்டியது பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றுமில்லை.

கிளம்புகிற நேரத்தில் இன்னொன்று நடந்தது. அந்த இரண்டு கால் பிளக் மையத்தில் ஈயம் வைக்கிற சால்டரிங் அயர்னுடையது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறியது. வெளியே போகக் கூடாது என்று நானே ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் கழற்றி, அலமாரியின் இரண்டாவது தட்டில் வைத்துப் பூட்டினேன். இன்னும் அங்கேதான் சிவப்புப் பொட்டோடு இருக்கிறது. பலகையில் மொட்டை ஒயர் இரண்டு தொங்கியது, இரண்டும் ஒரே கறுப்பு.

"பிளக்கக் கழட்டிட்டா எது எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும் டீச்சர்?"

"நான் மந்திரமூர்த்தி அண்ணாச்சிகிட்டச் சொல்லிக்கிடுதேன். நீ போ, பஸ்சு போயிரும்."

"மறந்துராதீக டீச்சர்."

"மறக்க மாட்டேன்ட்டி, நீ போ."

மறுநாள் பந்தலில் மந்திரமூர்த்தி குச்சியைச் சீவிக்கொண்டே என்னிடம்தான் கேட்டார், "கோத்துவிட்டுரட்டுமா டீச்சர்?" என்று. எனக்கு மறக்கவில்லை. சுற்றிலும் ஆட்கள், செயலாளர், மாலையோடு கவுன்சிலர். என் பலகையைத் தொட்டால் ஷாக்கடிக்கும், பார்த்துப் போடுங்கள் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

கோத்துவிடுங்க அண்ணாச்சி என்றேன்.